ஒரு கைப் பருத்தி

“இது யார் எழுதினது?”

கேட்டது நான்தான். கேட்ட தொனி சரியில்லை என்பது கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

எதிரே பெஞ்சில் ஐந்து பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. மில்லுக்கு வார விடுமுறை என்பதால் ஐந்து பேரும் தலைக்கு ஊற்றி, ஈரத் தலையை நுனியில் முடிந்துகொண்டு வந்திருந்தார்கள். அறை முழுக்க சீயக்காய் வாசனை. மற்ற நாட்களில் அவர்கள் புருவத்திலும் காதோரத்திலும் ஒட்டியிருக்கும் பஞ்சு அன்றைக்கு இல்லை.

என் கையில் ஒரு காகிதம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருந்தேன். ஐந்து பேரும் எட்டாவது வாரக் கேள்விக்கு ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள், அதனால் ஐந்து பேருடைய பதிவும் முடக்கப்பட்டிருக்கிறது, இறுதித் தேர்வு எழுத முடியாது. அதுதான் அதில் இருந்த விஷயம்.

ஸ்டாண்டு ஃபேன் அந்தப் பக்கம் திரும்பி, இந்தப் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த காகிதத்தைப் படபடவென்று அடித்தது. செல்வி மட்டும் இருமினாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் இந்த வார அத்தியாயத்தில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

விதைக் கிட்டங்கி

திருச்சுழியில் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்த இடம் ஒரு பழைய விதைக் கிட்டங்கி, விதை மூட்டை அடுக்கி வைத்திருந்த கோடவுன். எத்தனை தடவை கழுவிவிட்டாலும் பூச்சிமருந்துப் பொடியின் நெடி போகாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்தில் கருவேலங்கரி சுடுகிற மூட்டத்திலிருந்து புகை வரும். மூடினால் வெந்துபோவோம். இரண்டு பெஞ்சு, ஒரு கணினி, ஒரு ஃபேன். இதற்குப் பெயர் ‘கற்போர் உதவி மையம்’. அதன் பொறுப்பாளர், எழுத்தர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் நானே.

அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அதற்கு முன்னால் ஒரு தொழிற்கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குக் கோபக்காரி என்று பெயர். இங்கே வந்தும் அந்தப் பெயர் மாறவில்லை.

வேலை என்னவென்றால், பெரிய பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாக நடத்தும் படிப்புகளை இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொண்டுசேர்ப்பது. ஆங்கிலப் பாட வீடியோக்களுக்கு அடியில் தமிழில் எழுத்து ஓட வைப்போம். பதிவு செய்துகொடுப்போம். பாடம் புரியாத இடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்போம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘சும்மா கொடுக்கிற படிப்புக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது?’ என்று கேட்டிருந்தார். ஐயா, ஆறு நாள் மில்லில் நின்றுவிட்டு, ஏழாவது நாள் துணி துவைத்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து ஈரப்பதத்தைப் பற்றிப் படிக்கிறவர்களிடம் வந்து அதைக் கேளுங்கள். சும்மா யாருக்கும் எதுவும் வரவில்லை.

அந்த ஐந்து பேரும் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரே தெருக்காரர்கள். ஒரே நூல் மில்லில் வேலை. காலையில் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். அவர்கள் எடுத்தது நூலின் தரத்தைச் சோதித்துப் பார்ப்பது பற்றிய பன்னிரண்டு வாரப் படிப்பு.

ஐந்து பேரில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டு பேரைத்தான். ஒருத்தி செல்வி. முப்பதை ஒட்டிய வயது, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், குண்டு குண்டான கையெழுத்து. மில்லில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தாள். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற இடம் அது. தூசி அங்கேதான் அதிகம்.

இன்னொருவர் பாண்டியம்மாள். நாற்பதைத் தாண்டியவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஸ்பின்னிங்கில் வேலை. நூல் திரிக்கிற மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை அறுந்த இடத்தில் ஒட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். நான் அவரைப் பாண்டியம்மாக்கா என்று கூப்பிடுவேன். வகுப்பில் மந்தம் என்று அவரைப் பற்றி நினைத்திருந்தேன். எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். எழுத வராததால் எங்கள் போன் குழுவில் குரல் பதிவாக அனுப்புவார். மூன்று நிமிடம், நான்கு நிமிடம் ஓடும். முதல் இரண்டைக் கேட்டேன். ஒன்றில் மகளுக்குக் காய்ச்சல், இன்னொன்றில் ஆட்டோ வரவில்லை. அதன் பிறகு வந்ததைத் திறக்கவில்லை.

முதல் வரி மட்டும்

முதல் நாள் வகுப்பில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு ஜோராக இருந்தது.

நம் ஊரில் படிப்பைப் பூட்டிப் பூட்டி வைத்தார்கள், இது திறந்த படிப்பு, இதில் இருக்கும் எதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நகல் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் அப்படித்தான் அனுமதி எழுதியிருக்கும். அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.

அந்த அனுமதிக்கு இரண்டாவது வரி ஒன்று உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்த வரி. அதை நான் படிக்கவில்லை. அவர்களுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

எழுதுகிற விடைகளுக்கு வேறு சட்டம் என்பதையும் அன்றைக்குச் சொல்லவில்லை. பாடத்தை நகல் எடுக்கலாம், விடையை நகல் எடுக்கக் கூடாது. நமக்கு இது தெரிந்த விஷயம். பள்ளிக்கூடத்தில் பத்து, பதினைந்து வருடம் பெஞ்சு தேய்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் பாண்டியம்மாக்கா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். சான்றிதழில் பெயர் எப்படி வரும், வீட்டுக்காரர் பெயரோடு சேர்த்து வருமா, தன் பெயர் மட்டும் வருமா என்று. உங்கள் பெயர் மட்டும்தான் வரும் என்றேன். சரி என்று தலையாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

மடியும் தராசும்

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கரிசல் நிலம் இருந்தது. பருத்தி போடுவார். எடுப்புக்கு வருகிற பெண்கள் சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு செடி செடியாகப் போய் எடுப்பார்கள். மாலையில் களத்தில் அவரவர் குவியலை நிறுத்துக் கூலி.

நான் தராசுப் பக்கம் நின்ற ஆள். அதை மறைக்க வேண்டியதில்லை.

நிறுப்பதற்கு முன்னால் அங்கே ஒன்று நடக்கும். கைக்குழந்தைக்காரி, உடம்புக்கு முடியாதவள், அன்றைக்குப் பார்த்துக் கை ஓடாதவள் என்று யாராவது ஒருத்தியின் குவியல் சின்னதாக இருக்கும். மற்றவர்கள் தங்கள் மடியை அவிழ்க்கும்போது ஆளுக்கு ஒரு கைப் பருத்தியை அள்ளி அந்தக் குவியலில் போட்டுவிட்டுப் போவார்கள். பேச்சே இருக்காது. வாங்கிக்கொண்டவளும் நன்றி சொல்ல மாட்டாள். நாளைக்கு வேறு ஒருத்தியின் குவியல் சின்னதாக இருக்கும், அப்போது அவள் போடுவாள்.

நான் ஒருமுறை அப்பாவிடம் கோள் சொன்னேன். மொத்த எடை சரியாக இருக்கிறதா, அது போதும், எந்த மடியில் வந்தது என்று பார்ப்பது என் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் தாராள மனசுக்காரர் இல்லை. கூலியில் கறாரான மனிதர். ஆனாலும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

இந்த ஐந்து பெண்களும் மில்லுக்குப் போவதற்கு முன்னால் எடுப்புக்குப் போனவர்கள். அவர்கள் அம்மாக்கள் எங்கள் நிலத்துக்கே வந்திருக்கவும் கூடும்.

போட்டோ

எட்டாவது வாரத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் சொந்தமாக எழுத வேண்டும். ‘நூல் அடிக்கடி அறுபடுவதற்கான ஒரு காரணத்தை நீங்கள் கண்டுபிடித்த அனுபவத்தை உங்கள் வார்த்தைகளில் எழுதுக.’ தமிழில் எழுதலாம்.

அந்த ஞாயிறு நான் டீ வாங்கிவரப் போய்விட்டுத் திரும்பும்போது பார்க்கிறேன். செல்வி நோட்டை மடியில் வைத்துச் சத்தமாகப் படிக்கிறாள். மற்றவர்கள் மூன்று போன்களை வைத்துக்கொண்டு அதைத் தட்டச்சு அடிக்கிறார்கள். ஒரு போனில் ஒருத்திக்கு அடித்து முடித்ததும் அதே போனில் அடுத்தவளுக்கு. பாண்டியம்மாக்காவுக்கு, ஐந்து பேரில் இன்னொருத்தியான முத்துலட்சுமி அடித்துக்கொடுத்தாள். கிட்டங்கி ஜன்னல் வெளிச்சம் ஐந்து ஈரத் தலையிலும் விழுந்திருந்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போட்டோ எடுத்தேன். எடுத்ததோடு நின்றேனா? ‘கூட்டுக் கற்றல்’ என்று தலைப்புப் போட்டு எங்கள் தலைமை அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பி வைத்தேன்.

செல்வி எழுதி வைத்திருந்ததையும் அன்றைக்கே படித்தேன், இப்படி இருந்தது: மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கிற மாதங்களில் திங்கட்கிழமை காலையில் நூல் அதிகமாக அறுகிறது, அதுவும் கதவோரம் இருக்கும் மூன்று மிஷின்களில்தான். கதவு இடுக்கு வழியாக வறண்ட காற்று வருவதுதான் காரணமோ என்று சந்தேகப்பட்டு இடுக்கில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். அறுவது குறைந்தது. சூப்பர்வைசர் சத்தம் போட்டதால் சாக்கை எடுத்தேன், மறுபடி அறுந்தது. மறுபடி தொங்கவிட்டேன், நின்றது. இவ்வளவுதான் அந்த விடை.

அடேயப்பா என்று இருந்தது எனக்கு. பெரிய படிப்புப் படித்தவர்கள் சோதனைக்கூடத்தில் செய்வதை ஒரு சாக்கை வைத்துச் செய்திருக்கிறாளே என்று செல்வியின் தோளைத் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு நாள்

மின்னஞ்சல் பத்து நாள் கழித்து வந்தது. விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருள் ஐந்தும் ஒன்று என்று பிடித்துவிட்டது. ஆதாரமாக என் போட்டோவையே இணைத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். இங்கே இப்படித்தான் படிப்பார்கள், ஐந்து பேருக்கு மூன்று போன், ஒருத்திக்குத் தெரிந்தது ஐந்து பேருக்கும் தெரிய வேண்டும் என்றுதானே இந்தப் படிப்பே, நீங்கள் திறந்த கல்வி என்று சொல்வது வெறும் பேச்சா என்றெல்லாம் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. உங்கள் சூழல் புரிகிறது, ஆனால் சான்றிதழ் தனி ஆளுக்குத் தருவது, எங்களால் விதியை மாற்ற முடியாது என்று. கூடவே ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். ஏழு நாளுக்குள் மூல விடையை எழுதியவர் யார் என்று ஆதாரத்தோடு காட்டினால் அவர் ஒருவர் மட்டும் தேர்வு எழுதலாம். மற்றவர்கள் நகலெடுத்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்து பேருக்கும் போனால் போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். விட முடியாததற்குக் காரணம் செல்வியின் மூச்சு.

அவளுக்குப் பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்துவிட்டது. படியேறினால் நின்று நின்று ஏறுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சை இழுப்பாள். தூசியை விட்டு வெளியே வராவிட்டால் மருந்தால் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விடவும் முடியாது. புருஷன் லோடு வண்டி ஓட்டப் போனவர் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். இரண்டு பிள்ளைகள். அந்த நேரத்தில்தான் மில்லின் பரிசோதனை அறையில் ஒரு இடம் காலியானது. கண்ணாடிக் கதவு போட்ட அறை, தூசி கிடையாது. இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் அவளை அங்கே மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இந்த வருடமே வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு போய் நின்றேன்.

கையெழுத்து

“இது யார் எழுதினது?”

மறுபடி கேட்டேன். செல்விதான் என்பது என் முடிவு, அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. முத்துலட்சுமி திரும்பிப் பாண்டியம்மாக்காவைப் பார்த்தாள். செல்வி தரையைப் பார்த்தாள்.

பாண்டியம்மாக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக ஜன்னலைப் பார்க்கிறவர், அன்றைக்கு என் முகத்தையே பார்த்தார். எதையோ என் முகத்தில் தேடுகிறார் என்று இருந்தது. பிறகு சொன்னார்:

“செல்வி எழுதினது டீச்சர். நாங்க அவளோடதப் பாத்துப் போட்டோம்.”

செல்வி அவரைப் பார்த்து “மதினி” என்று ஏதோ சொல்ல வந்தாள். இருமல் வந்துவிட்டது. பாண்டியம்மாக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தண்ணி குடிடி என்றார்.

நான் விவரத்தைச் சொன்னேன். செல்வி மட்டும் தேர்வு எழுத முடியும், நீங்கள் நான்கு பேரும் பார்த்து எழுதியதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தப் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலத்துக்கு வேறு படிப்பும் எடுக்க முடியாது என்றேன். முத்துலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வாரமும் ஒரு வகுப்பைத் தவறவிடாதவள் அவள்.

“எங்க போடணும் டீச்சர்?” என்று முதலில் எழுந்து வந்தவர் பாண்டியம்மாக்காதான்.

பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். கோட்டுக்கு வெளியே போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனம். அவர் முடிக்கும் வரை மற்ற மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். அன்றைக்கு எனக்கு அது நீண்ட நேரமாகத் தெரிந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மணியைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செல்வியின் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன். அடித்தல் திருத்தல் எல்லாம் அதில் இருந்தது, மூல விடை என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? படிவத்தில் நான்கு பெயர்களுக்கு எதிரே ‘நகலெடுத்தவர்’ என்ற கட்டத்தில் நானே குறியிட்டேன்.

செல்வியின் பதிவைத் திறந்துவிட்டார்கள். பாடம் நடத்திய பேராசிரியர் தனியாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். சாக்கை எடுத்துப் பார்த்து மறுபடி போட்டுப் பார்த்தது மிக நல்ல அறிவியல் முறை, இந்த மாணவிக்கு என் பாராட்டு என்று. செல்வி மதுரைக்குப் போய்த் தேர்வு எழுதினாள். யார் உதவியும் இல்லாமல், நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். கண்ணாடிக் கதவு போட்ட அறைக்கு மாறினாள். கொஞ்ச காலத்தில் இருமல் குறைந்தது.

நான் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன் நிரம்பியது

ஐந்தாறு மாதம் கழித்து, பஸ்ஸில் வரும்போது என் போன் இடமில்லை என்று முரண்டு பிடித்தது. பழைய குழுக்களில் இருந்த படங்களையும் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். அந்தக் குழுவில், நான் திறக்காத குரல் பதிவுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பாண்டியம்மாக்காவுடையவை. எட்டாவது வார ஞாயிறுக்கு முந்தின நாள் மாலை ஒன்று வந்திருந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒன்றையாவது கேட்போமே என்று காதில் வைத்தேன்.

வேன் சத்தம். பெண்கள் பேச்சு. அதற்கு நடுவே அவர் குரல்.

“டீச்சர், நான் பாண்டியம்மா பேசுறேன். நாளைக்கு அந்தக் கேள்விக்கு எழுதணும்னு சொன்னீகல்ல. எனக்கு எழுத வராது, அதான் வாயால சொல்றேன். சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.”

பிறகு கதவோரத்து மூன்று மிஷின்கள் வந்தன. திங்கட்கிழமை காலை வந்தது. மேல்காற்று, கதவு இடுக்கு, ஈரச் சாக்கு, சூப்பர்வைசர் சத்தம் போட்டது, சாக்கை எடுத்தது, மறுபடி தொங்கவிட்டது, எல்லாம் வந்தது. நோட்டில் இல்லாத ஒன்றும் வந்தது. சாக்கு காய்ந்துபோகாமல் இருக்கத் தன் குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாராம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்வி இருந்தது கார்டிங்கில். அங்கே நூலே கிடையாது, வெறும் பஞ்சுதான். அறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அந்தப் பாடத்துக்கு வரிக்கு வரி தமிழ் எழுதியவள் நான். எந்தப் பகுதியில் என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைக்கூட யோசிக்கவில்லை. குண்டு குண்டான கையெழுத்தையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பார்த்தேன், அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பாண்டியம்மாக்கா சொல்லச் சொல்ல எழுதியதால் வந்த அடித்தல் திருத்தல் அது.

பதிவு இன்னும் முடியவில்லை. பின்னால் செல்வி இருமுவது கேட்டது. பாண்டியம்மாக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொண்ணு டீச்சர். செல்விக்கு இந்தக் கேள்விக்கு எழுத ஒண்ணுமில்ல. அவ கார்டிங்ல கெடக்கா. இதையே அவளுக்கும் மத்தவுகளுக்கும் வெச்சுக்கிறலாமான்னு கேக்கத்தான் பேசுனேன். தப்புன்னா சொல்லிருங்க, வேற ஏதாச்சும் யோசிக்கிறோம்.”

கேட்டிருக்கிறார். முறையாக, முன்கூட்டியே, என்னிடம் கேட்டிருக்கிறார். நான் திறக்கவில்லை.

பஸ் அருப்புக்கோட்டை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

ரெட்டியபட்டியில்

அடுத்த ஞாயிறு ரெட்டியபட்டிக்குப் போனேன். பாண்டியம்மாக்கா வீட்டு வாசலில் வேலைக்குக் கட்டும் சேலையை உதறிக்கொண்டிருந்தார். உதற உதறப் பஞ்சு பறந்தது. என்னைப் பார்த்ததும் சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. பதிவைக் கேட்டேன் என்றேன். எந்தப் பதிவு என்று கேட்டார். சொன்னேன்.

“இப்பத்தான் கேட்டீகளா?” என்றார்.

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். நான் ஒன்றும் பதில் சொல்லாததால் சரியென்று எடுத்துக்கொண்டார்களாம். தப்பென்றால் டீச்சர் சும்மா இருப்பாகளா, ஆளைக் கடித்துக் குதறிவிடுவாகளே என்று வேனில் பேசிக்கொண்டார்களாம். என் கோபத்தை அவ்வளவு நம்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் அப்படிக் கேட்டபோது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், கிட்டங்கியில் அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

“என் பதிவ நீங்க அப்பவே கேட்டுட்டீகன்னுதான் நெனச்சேன் டீச்சர். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, செல்விக்காகத்தான் அப்படிக் கேக்குறீகன்னு நெனச்சேன். நீங்களும் ஒரு கை போடுறீக, நாமளும் போடுவோம்னுதான் எந்திரிச்சு வந்தேன்.”

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கும் வரை நின்றார்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சரிசெய்யப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். எழுதினால் செல்வியின் சான்றிதழ் போய்விடும், அவள் மறுபடி தூசிக்குள் போக வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் சொன்னேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கும் திங்கட்கிழமை காலைகளில் செல்வி பரிசோதனை அறையிலிருந்து நோட்டோடு வெளியே வந்து, முதலில் பாண்டியம்மாக்காவின் மிஷினுக்குத்தான் போகிறாளாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அறிக்கை எழுதுவாளாம். செல்வியே என்னிடம் சொன்னாள். அவள் வேலை நிரந்தரமாகி, இனி யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்கப்போவதில்லை என்று ஆன பிறகு, இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இப்போதெல்லாம் முதல் வகுப்பில் அந்த இரண்டாவது வரியையும் படிக்கிறேன். குரல் பதிவுகளை அன்றன்றைக்கே கேட்டுவிடுகிறேன்.

அந்த ஞாயிறு ரெட்டியபட்டியிலிருந்து கிளம்பும்போது பாண்டியம்மாக்கா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார்.

“அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்ல, அந்தக் காகிதம் அங்க போய்ச் சேந்திருச்சா டீச்சர்?”

“சேந்திருச்சுக்கா.”

“என் பேரு அங்க இருக்குமா?”

“இருக்கும்.”

“என்னன்னு இருக்கும்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

“அடுத்தவுகளதப் பாத்து எழுதுனவுகன்னு இருக்கும்க்கா.”

அவர் சேலை நுனியில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்துக் காற்றில் விட்டார்.

“அதனால செல்விக்கு ஒண்ணும் வராதுல்ல?”

“வராது.”

“அப்ப இருக்கட்டும்” என்றார். பஸ் வந்து நின்றது.